சறுக்கல் கணக்கு

விலகல் படிவத்தில் காரணம் கேட்டிருந்தார்கள்.
திருமணம், மேற்படிப்பு, உடல்நிலை, கூடுதல் சம்பளம்.
எதிலும் நான் இல்லை.
'மற்றவை'யில் டிக் அடித்தேன்.
பெனாசிர் நிமிர்ந்து பார்த்தாள்:
"எந்த கம்பெனி மேடம்?"
கம்பெனி இல்லை.
"அப்போ ஸ்டார்ட்டப்பா?"
அதுவும் இல்லை.
அந்தக் கட்டம் காலியாக இருந்தால்
அடுத்த பக்கம் போகாதாம்.
ஒரு புள்ளி வைத்தாள். போனது.

பதினொரு வருடம் கழுத்தில் தொங்கிய அட்டையை
சிறுசேரியில் கொடுத்துவிட்டு வந்த பிறகும்
பேருந்தில் இருந்து இறங்கும்போது
கை நெஞ்சைத் தடவிப் பார்த்தது.

*

என் நிரல் செய்வது ஒரே வேலை.
சக்கரம் வைத்த எந்திரத்துக்கு
அது எங்கே இருக்கிறது என்று சொல்வது.
சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி
தூரம் சொல்லிவிடலாம்தான்.
ஆனால் சக்கரம் சறுக்கும்.
துடைத்த ஈரத் தரையில், வாசற்படி விளிம்பில்
நின்ற இடத்திலேயே சுற்றிவிட்டு
வந்துவிட்டேன் என்று சொல்லும்.
பதினொரு வருடத்தில்
எனக்கு அப்படி மூன்று பதவி உயர்வு.

அதனால் இடத்தை ஒரு வட்டமாகத்தான் சொல்ல முடியும்:
இதற்குள் எங்கேயோ இருக்கிறாய்.
நகர நகர வட்டம் உப்பும்.
தெரிந்த தூண் ஒன்று கண்ணில் பட்டால்
சட்டென்று சுருங்கும்.

*

போரூரில் மூன்றாவது மாடி.
ரிச்சி தெருவில் பொறுக்கிய மோட்டார் இரண்டு,
பழைய லேசர் கண் ஒன்று,
பிரியாணி பக்கெட்டின் மூடி அதற்கு முதுகு.
சிலிண்டரைச் சுற்றி, செருப்பு ஸ்டாண்டை ஒட்டி
கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும்.
முதல் வாரம் அதன் கணக்கில் அது
சுவரைத் தாண்டி
கேசவலு சார் வீட்டு அடுப்படியில் நின்றது.

அவரிடமே சொன்னேன். சிரித்துவிட்டுக் கேட்டார்:
"இனாமாத்தானே குடுக்கிறே.
அதுக்கு எதுக்கும்மா ஒருத்தன் காசு தரான்?"
சித்திரை வெயில். சிக்னல் முனையில்
தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தார்கள்.
அந்த மாதிரிதான் சார்.
குடிச்சிட்டுப் போறவன் தரமாட்டான்.
பந்தல் நாளைக்கும் இருக்கணும்னு நினைக்கிறவன்
பானைக்குக் குடுப்பான்.
"பேனர்ல யார் படம்?" என்றார்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஓசூரில், ஆஸ்பத்திரித் துணி இழுக்கும் வண்டி செய்கிறவர்கள்
மாதம் நாற்பதாயிரம், ஒரு வருடத்துக்கு.
நெதர்லாந்தில் ஒரு காளான் பண்ணை.
மீதி எல்லாம் ஐந்து டாலர், பத்து டாலர்,
முகம் தெரியாத பேர்கள்.
கூட்டினால் பழைய சம்பளத்தில் மூன்றில் ஒன்று.
அமலன் கால்குலேட்டரை வாங்கி
இன்னொரு முறை கூட்டினான்.
அதே தொகைதான் வந்தது.
"சரி, கார் வேண்டாம்."

*

ஆர்க்காடு சாலையில் மெட்ரோ தகரம்
வாரம் ஒரு பக்கம் நகர்கிறது.
நேற்றிருந்த திருப்பம் இன்று இல்லை.
ஷேர் ஆட்டோக்காரர் எந்த வரைபடத்தையும் நம்புவதில்லை.
முன்னால் போகிறவனின் பின்விளக்கை நம்புகிறார்.
ஒரு வரிக் குறிப்பாக எழுதி வைத்தேன்.
இன்னும் நிரலாக்கத் தெரியவில்லை.

*

சம்பள எஸ்எம்எஸ் வராத நான்காவது முதல் தேதி.
ஐந்து டாலர்க்காரர் ஒருவர், ஒஸ்மானி, எந்த ஊரோ,
எழுதியிருந்தார்:
மன்னிக்கவும், எனக்கு வேலை போய்விட்டது,
இந்த மாதத்தோடு நிறுத்துகிறேன்.
கீழே பதினான்கு வரித் திருத்தம்.
நான் கூட்டியிருந்த இடத்தில்
கழித்திருக்க வேண்டுமாம்.
இடப்பக்கம் திரும்பும்போது மட்டும் தெரிகிற பிழை.
எட்டு மாதமாக உள்ளேயே இருந்திருக்கிறது.

சேர்த்தேன்.
ராத்திரி பதினொன்றரைக்கு
பிரியாணி மூடியைத் தரையில் விட்டேன்.
சிலிண்டர். செருப்பு ஸ்டாண்ட்.
அமலன் காலைத் தூக்கிக்கொண்டான்.
கிளம்பிய இடத்துக்கு
நான்கு விரற்கடை தள்ளி வந்து நின்றது.
எங்கள் வீட்டிலேயே.

ஒஸ்மானிக்கு நன்றி எழுதினேன்.
வேலை ஏதாவது தெரிந்தால் சொல்கிறேன் என்று எழுதி
அழித்தேன்.
பிறகு மறுபடியும் எழுதினேன்.